பரம்பரைப் பொருட்களில் பழுது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பழைய பெட்டியைத் திறந்தால் கை முதலில் துணியைத் தேடும். துடைக்கலாம், தேய்க்கலாம், வெயிலில் போடலாம் என்று தோன்றும். மீட்க முடியாத சேதத்தில் பெரும்பங்கு இந்த ஆர்வத்தால் வருவதுதான். எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: கேடு இப்போதும் நடக்கிறதா, எப்போதோ நடந்து நின்றுபோனதா? நின்றுபோன கறைக்கு அவசரம் இல்லை. பல சமயம் அதைத் தொடாமல் விடுவதே சரி. நடந்துகொண்டிருக்கும் கேடு பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். அதை இன்றே தனியாக எடுத்துவைக்க வேண்டும். சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம்.

தொடங்குமுன் இரண்டு வேலைகள். ஒன்று, பெட்டியைக் கலைக்காமல் மேலிருந்து ஒரு படம், ஒவ்வொரு அடுக்கை எடுத்த பிறகும் ஒரு படம். எது எதோடு சேர்ந்து கிடந்தது என்பதே பின்னால் பெரிய துப்பு. இரண்டு, கருவிகளை எடுத்துவைப்பது: என்-95 முகக்கவசம், நைட்ரைல் கையுறை, 2 முதல் 3 செ.மீ. அகலமுள்ள மென்மையான தூரிகை, டார்ச், கறுப்புத் தாள், ஜிப் பாலித்தீன் கவர்கள், 2பி பென்சில், ஈரப்பதமானி. காகிதத்தைக் கையாளக் கையுறை வேண்டாம். கழுவி உலர்த்திய வெறுங்கைக்குத்தான் தாளின் நொய்மை தெரியும். உலோகத்துக்கும் போட்டோவுக்கும் கையுறை கட்டாயம்.

மலிவான ஈரப்பதமானியை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு பதத்துக்கு வரும்படி சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மானியையும் ஒரே ஜிப் கவரில் இட்டு மூடி, அறை வெப்பத்தில் 8 முதல் 12 மணி நேரம் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மானி 68 காட்டினால் அது எப்போதும் 7 குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள். இனி வரும் பாதிப் பிரச்சினைகளுக்கு விடை இந்த எண்ணில்தான் இருக்கிறது.

## மக்கிய வாடை, வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறது

பூஞ்சணம். உலர்ந்த தூரிகையின் நுனியால் ஓரத்தில் ஓரிடத்தை மட்டும் தொட்டுப் பாருங்கள். மெழுகுபோல இழுபட்டால் உயிரோடு இருக்கிறது. பொடியாகப் பறந்தால் உறங்குகிறது. சந்தேகமாக இருந்தால் உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உயிரோடு இருப்பதைத் தேய்த்தால் அது இழைக்குள் இறங்கிக் கறையாகத் தங்கிவிடும். எனவே முதல் வேலை உலர்த்துவது. மற்றப் பொருட்களிடமிருந்து பிரித்து எடுத்துச்செல்ல மட்டும் கவரைப் பயன்படுத்துங்கள். ஈரமான பொருளைக் கவரில் மூடியே வைத்துவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் அறையில் புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிறுத்துங்கள். மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுழலட்டும், பொருளைப் பார்த்து அல்ல. நேர்வெயில் வேண்டாம்; பூஞ்சணத்துக்கு முன்பே மையும் சாயமும் வெளுத்துவிடும்.

பொடியாக மாறிய பிறகு, வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் அணிந்து, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். வாக்குவம் கிளீனரில் நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருந்தால் அதன் வாய்க்குள் தட்டலாம். சாதாரண வாக்குவம் வித்துக்களை அறை முழுக்கத் தூவும். பிளீச், கிருமிநாசினி ஸ்பிரே இரண்டும் கூடாது: பிளீச் காகிதத்தை அரிக்கும், ஸ்பிரே மறுபடி ஈரத்தைத் தரும். கறை கொஞ்சம் மிஞ்சும். அது நின்றுபோன கேடு, விட்டுவிடலாம்.

வாடை மட்டும் போகவில்லை என்றால், மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் பொருளை வைத்து, பக்கத்தில் திறந்த கிண்ணத்தில் சமையல் சோடாவோ ஆக்டிவேட்டட் கரியோ வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

பூஞ்சணம் திரும்பி வருகிறதா? பொருளில் குற்றம் இல்லை, இடத்தில்தான். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் எதன்மேலும் பூக்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி, குளியலறைக்கு அடுத்த சுவர், தரையோடு தரையாக வைத்த பெட்டி ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். வீட்டின் உட்சுவர் ஓரமாக, தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் வைத்தாலே பல வீடுகளில் சிக்கல் தீரும். பரண் எப்போதும் மோசம்; பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறி எல்லாவற்றையும் விரித்துச் சுருக்கிக்கொண்டே இருக்கும்.

## தண்ணீரில் நனைந்துவிட்டது

கையில் இருப்பது 48 மணி நேரம். அதற்குள் உலர்த்த முடிகிற அளவை மட்டும் உலர்த்துங்கள். மிச்சக் காகிதங்களையும் புத்தகங்களையும் மெழுகுத்தாள் இடையிட்டுச் சிறு சிறு கட்டுகளாக ஃப்ரீஸரில் வைத்துவிட்டால் நேரம் அங்கேயே நிற்கும். பிறகு ஒவ்வொரு கட்டாக எடுத்து உலர்த்தலாம். நனைந்த போட்டோக்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் காயவிட்டால் ஒரே பலகையாகிவிடும். உடனே பிரிக்க முடியாவிட்டால் குளிர்ந்த சுத்தமான தண்ணீரிலேயே, அதிகபட்சம் இரண்டு நாள், மிதக்கவிடுவது மேல். கண்ணாடி நெகட்டிவை உறையவைக்கக் கூடாது.

## பொடி கொட்டுகிறது, துளை தெரிகிறது, ஓரம் அரித்திருக்கிறது

துளை இருப்பதாலேயே பூச்சி இருக்கிறது என்று சொல்ல முடியாது. 50 வருடத்துக்கு முன் போன வண்டின் துளையும் அப்படியேதான் இருக்கும். பொருளைத் தட்டிப் பொடியை உதறிவிட்டு, கறுப்புத் தாள்மேல் வைத்து, நடமாட்டம் இல்லாத இடத்தில் இரண்டு வாரம் விடுங்கள். தாளில் புதுப் பொடி விழுந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. மாவுபோல நைசான பொடி என்றால் மரத்தை உளுக்கவைக்கும் வண்டு. மணல் போன்று, ஆறு பட்டையுள்ள சிறு மணிகளாக இருந்தால் உலர்மரக் கரையான்; அது அந்தப் பெட்டியில் மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள், பக்கத்து மரச்சாமான்களையும் சோதியுங்கள்.

கம்பளியிலும் பட்டிலும் ஒழுங்கற்ற ஓட்டைகள், பக்கத்தில் பட்டுநூல் போன்ற கூட்டுத் துண்டுகள் இருந்தால் அந்துப்பூச்சியின் புழு. மயிருள்ள உதிர்ந்த சட்டைகள் கிடந்தால் கம்பள வண்டின் புழு.

இவற்றுக்கு ரசாயனத்தைவிட நல்ல மருந்து குளிர். பொருளை டிஷ்யூ தாளில் சுற்றி, பாலித்தீன் கவரில் இட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, டேப் போட்டு மூடுங்கள். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் போதும். வீட்டு ஃப்ரீஸர் பெரும்பாலும் மைனஸ் 18-ஐச் சுற்றித்தான் இருக்கும், அதனால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காதீர்கள். 24 மணி நேரம் மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரட்டும். காற்றிலுள்ள ஈரம் கவரின் வெளிப்புறத்தில் படியும், பொருள்மேல் படியாது. இந்த ஒரு நாளைப் பொறுக்காதவர்கள் பூச்சியைக் கொன்று பூஞ்சணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். எண்ணெய் வண்ண ஓவியம், போட்டோ, தந்தம், இழைத்துப் பதித்த மரவேலை, இசைக்கருவி, மெழுகுப் பொருள் ஆகியவற்றை இந்த வழியில் கொண்டுபோக வேண்டாம்.

ராமபாணப் பூச்சிக்கு இவ்வளவு தேவையில்லை. பசையையும் தாளின் மேற்பரப்பையும் சுரண்டித் தின்னும் அது, ஈரம் இல்லாமல் பிழைக்காது. ஈரப்பதத்தை 50-க்குக் கீழே கொண்டுவந்தால் தானே போகும். அந்துருண்டை போடும் பழக்கத்தை விட்டுவிடலாம்: அதன் ஆவி மூச்சுக்குக் கெடுதல், சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், வாடை துணியை விட்டுப் போகவே போகாது.

## ஃபிலிம் டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி

இது கட்டாயம் நடந்துகொண்டிருக்கும் கேடுதான், சோதனை தேவையில்லை. ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் சிதைந்து அசிட்டிக் அமிலம் வருகிறது. வந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். பக்கத்து ஃபிலிமுக்கும் தொற்றும். தனியாக எடுத்து, காற்று போகும் அட்டைப் பெட்டிக்கு மாற்றி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். எந்தச் சுருள் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று வரிசைப்படுத்த ஏ-டி சோதனைத் தாள் கிடைக்கும்: நீலம் நன்று, பச்சை தொடக்கம், மஞ்சள் என்றால் உடனே ஸ்கேன் செய்யுங்கள். ஃபிலிம் சுருங்கிப் படப்பூச்சு நெளிந்து நிற்கும் கட்டம் வந்துவிட்டால் புரொஜெக்டரில் ஓட்டாதீர்கள். பல்லில் மாட்டிக் கிழியும்.

வினிகருக்குப் பதிலாக மூக்கைத் துளைக்கும் காரநெடி, பிசுபிசுப்பு, பழுப்புப் பொடி, ஓரத்தில் 'நைட்ரேட்' என்ற எழுத்து இவற்றில் எது தெரிந்தாலும் வேலையை நிறுத்துங்கள். 1950களின் தொடக்கம் வரை 35 மி.மீ. ஃபிலிமிலும் சில பழைய நெகட்டிவ்களிலும் அசிடேட்டுக்குப் பதிலாக, எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் அடித்தளம் புழக்கத்தில் இருந்தது. எரியத் தொடங்கினால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீருக்குள்ளும் எரியும். கொளுத்திப் பார்த்து அடையாளம் காண முயல வேண்டாம். வெப்பம் படாத இடத்தில் வைத்து, தீயணைப்புத் துறையிடமோ திரைப்பட ஆவணக்காப்பகத்திடமோ கேளுங்கள். 8 மி.மீ., 16 மி.மீ. வீட்டு ஃபிலிம்கள் பொதுவாகப் பாதுகாப்பான அடித்தளத்தில் வந்தவை. அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம்.

## போட்டோ ஒட்டிக்கொண்டது

எதில் ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். எதுவாக இருந்தாலும் கை வைக்குமுன் அப்படியே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

பசைவரி போட்டு மேலே பிளாஸ்டிக் மூடிய ஆல்பத்தில் என்றால்: பிளாஸ்டிக்கை மெதுவாக உரித்து, மெழுகு பூசாத பல் நூலை ஒரு மூலையில் நுழைத்து, அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே எதிர்மூலைக்குப் போங்கள். வளைய வேண்டியது ஆல்பத்தின் பக்கம். போட்டோ வளையக் கூடாது. பசை இறுகியிருந்தால், பக்கத்தின் பின்புறமாக ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் சில நொடி காட்டி, மறுபடி நூல். அப்போதும் வராவிட்டால் பக்கத்தை அப்படியே வெட்டி எடுத்து ஸ்கேன் செய்துகொண்டு, அதோடே வைத்துவிடுங்கள். கிழிந்த போட்டோவைவிடப் பசையோடு இருக்கும் போட்டோ எவ்வளவோ மேல்.

ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்கவே முயல வேண்டாம். படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு கண்ணாடியோடு ஒன்றாகியிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கும். கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

ஒன்றோடொன்று ஒட்டிய கட்டு என்றால், நெகட்டிவ் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் கவலை பாதி குறைந்தது. இல்லாவிட்டால், ஸ்டூடியோ அச்சிட்ட போட்டோ என்றால் குளிர்ந்த டிஸ்டில்டு வாட்டரில் அரைமணி முதல் சில மணி நேரம் ஊறவைத்தால் பெரும்பாலும் தானே விலகும். விலகியதைப் படம் மேலே பார்க்கும்படி வலைமேல் காயவிடுங்கள்; ஈரமான படப்பரப்பில் விரல் படக் கூடாது. இன்க்ஜெட் பிரின்டையும், கையால் வண்ணம் தீட்டிய படத்தையும், பூஞ்சணம் பிடித்ததையும் நனைக்காதீர்கள். பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடிவிடும்.

## கறுப்பு வெள்ளையில் நீலப் பளபளப்பு, கலர் படம் சிவந்துவிட்டது

முதலாவது, படத்திலுள்ள வெள்ளி மேற்பரப்புக்கு வந்து கண்ணாடிபோலப் படிந்திருப்பது. தேய்க்க வேண்டாம். ஸ்கேனரில் மினுங்கினால், கேமராவை நேரே மேலே வைத்து, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்துப் படமெடுங்கள்.

இரண்டாவது, சாயங்களில் ஒன்று மற்றவற்றுக்கு முன் வெளுத்தது. இருட்டில் கிடந்தாலும் இது நடக்கும், நிறுத்த முடியாது. குளிர்ச்சி தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கலர் படங்களை ஸ்கேன் வரிசையில் முன்னால் தள்ளுங்கள். சுவரில் மாட்டப் பிரதி போதும், அசல் உறைக்குள் இருக்கட்டும்.

## தாள் மஞ்சளித்து நொறுங்குகிறது

செய்தித்தாள் துணுக்கு என்றால் அது பிறந்ததிலிருந்தே அப்படித்தான். மரக்கூழிலுள்ள லிக்னினும் அமிலமும் உள்ளிருந்தே தின்கின்றன. தன்னைக் கெடுத்துக்கொள்வதோடு நிற்காது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த கடிதத்தில் பழுப்பு நிழல் விழுந்திருப்பதைப் பாருங்கள். துணுக்குகளை மற்றக் காகிதங்களிலிருந்து பிரித்துத் தனி உறையில் இடுங்கள். செய்திதான் முக்கியம் என்றால் அமிலமற்ற தாளில் நகலெடுத்துவிட்டால் வேலை முடிந்தது. லேமினேஷன் செய்யாதீர்கள். சூடும் பசையும் தாளோடு கலந்துவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. உள்ளே அமிலம் தன் வேலையைத் தொடரும்.

மடித்த கடிதம் மடிப்பில் உடையப் பார்த்தால் ஈரக்காற்று காட்டி இளக்கலாம். அதற்கு முன் மையைச் சோதியுங்கள். பழுப்பு மை, எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வட்டம், பின்பக்கம் ஊறிய தடம், எழுத்துக் கோட்டில் விரிசல் இவை தெரிந்தால் அது இரும்பு கலந்த மை. ஈரம் பட்டால் இரும்பு நகர்ந்து தாளை இன்னும் வேகமாக எரிக்கும். அதற்கு ஈரக்காற்று கூடவே கூடாது. மற்ற மைகளில், ஒரு புள்ளியிலோ கோட்டின் நுனியிலோ சற்றே ஈரமான பஞ்சுக்குச்சியை ஒரு நொடி வைத்து எடுங்கள். சாயம் ஏறவில்லை என்றால் தொடரலாம்: மூடியுள்ள பெரிய பெட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த மையொற்றும் தாள், அதன்மேல் தண்ணீர் தொடாத உயரத்தில் வலை, வலைமேல் கடிதம். அரைமணிக்கு ஒருமுறை பாருங்கள். இளகியதும் விரித்து, உலர்ந்த மையொற்றும் தாள்களுக்கு நடுவில், கண்ணாடித் தட்டும் புத்தகமும் பாரமாக வைத்து ஒரு நாள் விடுங்கள். இரவு முழுக்கப் பெட்டியில் மறந்துபோனால் மேலே சொன்ன பூஞ்சணப் பகுதிக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்காதீர்கள். பின்னுக்கும் தாளுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, பின்பக்கக் கால்களை நிமிர்த்தி, பிறகு மேலே தூக்குங்கள். ரப்பர் பேண்டு உருகி ஒட்டியிருந்தால் மரக்குச்சியால் சுரண்டி எடுக்கலாம். பழைய செலோ டேப்பின் பிளாஸ்டிக் தானே கழன்றால் எடுத்துவிடுங்கள். கழலாததை இழுத்தால் எழுத்தும் கூடவே வரும்.

## வெள்ளி கறுத்தது, செம்பு பச்சை பூத்தது

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். மெல்லிய படலம், ஆழமாக அரிக்காது. அவசரமே இல்லை. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கொஞ்சம் வெள்ளி போகிறது. முலாம் பூசியதில் சில முறை தேய்த்தாலே அடி உலோகம் எட்டிப் பார்க்கும். சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்றால், நைசான கால்சியம் கார்பனேட் தூளை டிஸ்டில்டு வாட்டரில் குழைத்து, பஞ்சால் நேர்க்கோடாகத் தடவி, கழுவி, முழுக்க உலர்த்துங்கள். பற்பசையில் உள்ள துகள் கீறல் போடும். அலுமினியத் தாளும் சோடாவும் போட்ட வெந்நீர் முறை வேகமானது. ஆனால் செதுக்கலின் பள்ளத்தில் இருக்க வேண்டிய கறுப்பையும் எடுத்துவிடும், கல் பதித்த நகைக்கும் உள்ளீடற்ற கைப்பிடிக்கும் ஆபத்து. கறுப்பு சீக்கிரமே திரும்புகிறது என்றால் கூடவே கம்பளித் துணியோ ரப்பரோ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் கந்தகம் விடும். நாணயத்தையும் பதக்கத்தையும் எந்தத் தூளாலும் தேய்க்காதீர்கள்.

செம்பு, பித்தளை, வெண்கலத்தில் களிம்பு இரண்டு வகை. இறுகி ஒட்டிய கரும்பச்சை நின்றுபோனது, விட்டுவிடலாம். வெளிர்பச்சைப் பொடி, புள்ளி புள்ளியாக, தட்டிவிட்டாலும் அதே இடத்தில் இரண்டு வாரத்தில் மறுபடி வந்தால் அது குளோரைடு அரிப்பு. பொடியைத் தூரிகையால் எடுத்து, உலர்ந்த சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் அடங்கும். புளிப்பான எதையும் போட்டுத் துலக்கினால் பளபளக்கும்; அரிப்பின் வேர் உள்ளேயே இருக்கும், பழைய மெருகும் போய்விடும். தோல்வார் தொடும் இடத்தில் மெழுகுபோன்ற பச்சை என்றால் அது தோலின் கொழுப்பு உலோகத்தோடு சேர்ந்தது. மரக்குச்சியால் வழித்தெடுத்து இரண்டையும் பிரித்து வையுங்கள்.

ஈயப் பொம்மையிலோ முத்திரையிலோ வெள்ளைப் பொடி இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், நஞ்சு. மரப்பெட்டியும் அட்டையும் விடும் அமில ஆவிதான் காரணம். பாலித்தீன் அல்லது கண்ணாடிப் பெட்டிக்கு மாற்றினால் நிற்கும்.

## பட்டு மடிப்பில் கீறுகிறது

மடிப்பில் இழை அறுந்து பொடி உதிர்ந்தால், அந்தப் பட்டில் எடை கூட்ட உலோக உப்பு ஏற்றியிருக்கலாம். அது சரியாகாது; இனி மேலும் மடியாமல் பார்த்துக்கொள்ளலாம். தொங்கவிட்டால் தன் எடையாலேயே கிழியும். அகலமான அட்டைக் குழாயை முதலில் பாலித்தீனால், மேலே துவைத்து அலசிய காடாத்துணியால் சுற்றி, அதில் தளர்வாகச் சுருட்டுங்கள். ஜரிகை இருந்தால் ஜரிகைப் பக்கம் வெளியே பார்க்கட்டும், சுற்றுக்குச் சுற்று டிஷ்யூ தாள் இடையிடுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் காரம் சேர்க்காத தாள் வேண்டும். அமிலமற்ற தாள் என்று விற்பதில் காரம் சேர்த்ததும் உண்டு, பருத்திக்குத்தான் அது பொருந்தும். சுருட்ட முடியாததை மடிப்புக்குள் தாளைப் புடைப்பாகச் சுருட்டி வைத்து மடித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்புக்கோட்டை மாற்றுங்கள்.

பழைய மஞ்சள் கறைக்காகத் துவைக்குமுன், ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு வெள்ளைப் பஞ்சால் ஒற்றுங்கள். ஏதாவது ஒரு நிறம் பஞ்சில் ஏறினாலும் துவைப்பதில்லை.

## கேசட் கீச்சிடுகிறது, பொம்மை பிசுபிசுக்கிறது

கீச்சிட்டால் உடனே நிறுத்துங்கள். பட்டையின் பசை ஈரத்தை உறிஞ்சி இளகி, பிளேயரின் ஹெட்டில் அப்பிக்கொள்கிறது. ஓட்டிக்கொண்டே இருந்தால் குரல் பதிந்த பூச்சே உரிந்து வரும். தொழில்முறையில் இதைக் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வாட்டி, ஒருமுறை ஓட்டிப் பதிவெடுப்பார்கள். வீட்டு அவனில் முயல வேண்டாம். ஜன்னல் வழியே பட்டைச் சுற்றில் வெண்புள்ளி தெரிந்தால் பூஞ்சணம், அதையும் ஓட்டக் கூடாது. பட்டை நன்றாக இருந்து உறைதான் உடைந்தது என்றால் எளிது: ஐந்து திருகு உள்ள வேறொரு கேசட்டைத் திறந்து, இரண்டு சுருளையும் அதற்குள் மாற்றிவிடலாம். ஓட்டுமுன் மேல்விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் காதுகளும் உடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்; உடைத்திருந்தால்தான் புதுப் பதிவு ஏறாது. தவறாக ஒரு பொத்தான் அழுத்தினால் தாத்தா குரல்மேல் உங்கள் அறைச் சத்தம் பதியும்.

பிசுபிசுக்கும் பிவிசி பொம்மையைக் கவரில் மூடாதீர்கள். காற்றோட்டமாக, பாலியெஸ்டர் தாள்மேல் நிறுத்துங்கள். பேட்டரி கசிந்து வெள்ளை உப்பு பூத்த ரேடியோவில், பேட்டரியை எடுத்துவிட்டு வினிகர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, பிறகு தண்ணீர் தொட்ட குச்சியாலும், கடைசியாக உலர்ந்த குச்சியாலும் துடையுங்கள். இருட்டில் ஒளிரும் முள் உள்ள 1960களுக்கு முந்தைய கைக்கடிகாரத்தைத் திறக்காதீர்கள். ரேடியம் பூச்சாக இருக்கக்கூடும்.

## எது யாருடையது என்று தெரியவில்லை

இதுவும் நடந்துகொண்டிருக்கும் கேடுதான், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட வேகமானது. பெயர் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உலர்த்திவைத்த பூஞ்சணத்தை ஆறு மாதம் கழித்தும் தட்டலாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தொடர் எண் கொடுங்கள். வகைக்கு ஒரு வரிசை வேண்டாம், ஒரே வரிசை போதும். பட்டியலில் எண், பொருள், எந்தப் பெட்டி எந்த அடுக்கு, யாருடையது, அதைச் சொன்னவர் யார், சொன்ன தேதி, நிலை. 'சொன்னவர்' பத்திதான் எல்லாரும் விட்டுவிடுவது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போது அதன் அருமை தெரியும். பெயரை முழுதாக எழுதுங்கள். 'பெரியப்பா' என்று எழுதினால் யாருக்குப் பெரியப்பா? எழுதியவர் போன பிறகு அந்தச் சொல் யாரையும் குறிக்காது. ஊகம் என்றால் கேள்விக்குறி போடுங்கள்.

பெரியவர்களிடம் கேட்கும்போது ஒரு அமர்வுக்கு 10, 15 படங்களுக்கு மேல் வேண்டாம். அசலைக் காட்டாமல், பெரிதாக அச்சிட்ட பிரதியில் ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டுக் காட்டி, போனில் பதிவு செய்யுங்கள். "இது யார்?" என்று தொடங்கினால் தெரியாது என்ற பதிலோடு முடியும். "இது யார் வீட்டு வாசல்? இந்தப் படத்தை யார் எடுத்தது?" என்று கேட்டால் பெயர்கள் தானாக வரும்.

சொல்ல ஆளில்லாத படங்களுக்குப் பொருளே சாட்சி. ஒரே ரோலில் எடுத்த படங்களின் ஓரமும் பின்பக்க முத்திரையும் ஒன்றாக இருக்கும். நெகட்டிவ் ஓரத்து எண் எது முன், எது பின் என்று சொல்லும். கடித உறையைத் தூக்கிப்போடாதீர்கள். தேதி இல்லாத கடிதத்துக்குத் தபால் முத்திரைதான் தேதி. பழைய நாரிழைத் தாள் போட்டோவின் பின்னால் 2பி பென்சிலால், ஓரத்தில், கண்ணாடித் தட்டின்மேல் வைத்து எழுதலாம். வழுவழுப்பான பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது, உறையில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா இரண்டுக்கும் ஆகாது. அது முகத்துப் பக்கம் தழும்பாகத் தெரியும்.

## குவியல் குறையவே மாட்டேன் என்கிறது

பெரும்பாலும் காரணம், ஒரே நேரத்தில் பிரிப்பதும் படிப்பதும். பிரிக்கும் நாளில் கடிதம் படிக்கக் கூடாது. முதல் சுற்றில் பார்க்க வேண்டியது கேடு நடக்கிறதா இல்லையா என்பது மட்டும். இரண்டாம் சுற்றில் வைப்பது, பிறருக்குத் தருவது, விடுவது. முடிவு வராதவற்றுக்கு ஒரே ஒரு பெட்டி, மேலே மறுபடி பார்க்கும் தேதி. அந்தப் பெட்டி நிரம்பினால் இரண்டாவது பெட்டி கிடையாது, அதிலிருந்தே ஒன்றை முடிவுசெய்து வெளியேற்ற வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். களைத்த கை எதையும் தூக்கிப்போடும், அல்லது எதையும் போடாது.

எதை விடுவது? கையெழுத்து உள்ளது, பெயர் தெரிந்த முகம் உள்ளது, வேறெங்கும் கிடைக்காதது மூன்றும் இருக்கட்டும். ஆளில்லாத காட்சிப் படம், ஒரே படத்தின் நாலாவது பிரதி, அச்சிட்ட வாழ்த்து அட்டையில் கையொப்பம் மட்டும் உள்ளது ஆகியவற்றைத் தயங்காமல் விடலாம். சொத்துப் பத்திரமும் சான்றிதழும் இந்தக் குவியலிலேயே சேராது, முதல் நாளே தனியாகப் போகட்டும்.

ஒரே பொருளை இருவர் கேட்டால், சீட்டுப் போட்டு வரிசை அமைத்து, முதல் சுற்று ஒன்றிலிருந்து கடைசி வரை, அடுத்த சுற்று கடைசியிலிருந்து ஒன்று வரை என்று எடுக்கச் சொல்லுங்கள். போட்டோவுக்கும் கடிதத்துக்கும் சண்டையே தேவையில்லை. அசல் ஒருவரிடம், நல்ல ஸ்கேன் எல்லாரிடமும்.

## ஸ்கேன் சரியாக வரவில்லை

காகிதத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), போட்டோவுக்கு 600, 35 மி.மீ. நெகட்டிவுக்கு 3000 முதல் 4000. 10-க்கு 15 செ.மீ. போட்டோ 600-ல் கலராக ஸ்கேன் செய்தால் அழுத்தாத டிஃப் ஃபைல் ஏறக்குறைய 25 எம்பி வரும். அதை அசலாக வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு ஜேபெக் பிரதி எடுங்கள். நெகட்டிவில் வானவில் வளையங்கள் தெரிந்தால் ஃபிலிம் கண்ணாடியைத் தொடுகிறது, ஹோல்டரில் ஏற்றிச் சற்றே உயர்த்துங்கள். அச்சிட்ட படத்தில் கட்டம் கட்டமாக அலை வந்தால் ஸ்கேனர் மென்பொருளில் 'டிஸ்கிரீன்' அமைப்பை இயக்குங்கள்.

ஃபைல் பெயரில் எண்ணும் ஆண்டும் போதும்: 0147_1968. ஆண்டு தெரியாவிட்டால் பத்தாண்டை மட்டும், 0147_1960கள் என்று எழுதத் தோன்றும். பெயரில் தமிழ் எழுத்து கலந்தால் சில பழைய மென்பொருள்களில் கேள்விக்குறி வரிசையாகிவிடும். ஆகவே தமிழ் விவரமெல்லாம் பட்டியலில் இருக்கட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு வீட்டில். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் சில ஃபைல்களையாவது திறந்து பாருங்கள்.

பழைய கணினியில் யாரோ தட்டச்சு செய்த குடும்ப வரலாறு திறக்கிறது, ஆனால் எழுத்தெல்லாம் குழப்பமாக இருக்கிறதா? ஃபைல் கெடவில்லை. இன்று எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடு குறியாக்கத்துக்கு முந்தைய, பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தது. எழுத்துரு மாற்றியில் ஒரு பத்தியை ஒட்டிப் பாருங்கள். ஒரு குறியாக்கம் பொருந்தாவிட்டால் அடுத்தது. யூனிகோடுக்கு வந்ததும் ர, ற, கொம்பு, துணைக்கால் வருமிடங்களைப் படித்துச் சரிபார்த்து, பழைய ஃபைலை அழிக்காமல் இரண்டையும் ஒரே எண்ணில் சேமியுங்கள்.